ஃபோர்க்லிஃப்ட் வாங்கப் போகிறீர்களா? வண்டியை விடுங்கள், முதலில் டீலரைப் பாருங்கள்

குடோனில் பாரத்தைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் டொயோட்டா நல்லதா, கோத்ரெஜ் நல்லதா, சைனா வண்டி தாங்குமா என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் புதிதாக குடோன் எடுத்தவர்கள், மீதிப்பேர் ஏற்கெனவே ஒன்றை வாங்கி நொந்துபோனவர்கள். செங்குன்றம் பக்கம் ஒரு குடோனில் வண்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்களிடம் ஒரே பிராண்டு என்று கிடையாது. முதலாளி ஒவ்வொரு சமயத்தில் ஒவ்வொரு இடத்தில் வாங்கிப் போட்டதால் டீசல், எலக்ட்ரிக், புதுசு, செகண்ட் ஹேண்ட் எல்லாம் கலந்து நிற்கின்றன. அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மூன்று டன் டீசல் வண்டி என்று வைத்துக்கொண்டால், பெயர் தெரிந்த கம்பெனிகளுக்குள் தரத்தில் இருக்கும் வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. எல்லா வண்டியும் ஓடும், எல்லா வண்டியும் ஒருநாள் நிற்கும். நின்றது மறுபடி எப்போது ஓடும் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது, அது உங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்கு இருக்கும் டீலர் கையில் இருக்கிறது. ஓசூரில் கொடிகட்டிப் பறக்கும் பிராண்டு தூத்துக்குடியில் ஆள் இல்லாமல் கிடக்கலாம். ஆகவே கீழே சொல்வதை எல்லாம் சென்னைக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் என்ஜினைப் பற்றியே கேட்கிறார்கள். என்ஜினா நிற்கிறது? ஆயில், ஃபில்டர் மாற்றி, ரேடியேட்டரைத் தூசியடைக்காமல் வைத்திருந்தால் என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்துவதெல்லாம் சில்லறைச் சாமான்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச், பிரேக் வீல் சிலிண்டர், ஃபோர்க்கை, அதாவது பாரம் தாங்கும் முன்பக்கக் கைகளை, ஏற்றி இறக்கும் உயரச் சட்டமான மாஸ்டின் ரோலர் பேரிங், ஹைட்ராலிக் ஹோஸ், அந்த மாஸ்டை முன்னும் பின்னும் சாய்க்கும் டில்ட் சிலிண்டரின் சீல். இந்தக் கடைசி ஆளை எடுத்துக்கொள்வோம். லோடைத் தூக்கி நிறுத்தி வைத்திருக்கும்போது மாஸ்ட் தானாக மெல்ல முன்பக்கம் சாயத் தொடங்கினாலோ, ராடு தலைப்பில் ஆயில் கசிந்து தூசியோடு கறுப்புப் பிசினாகப் படிந்திருந்தாலோ சீல் போய்விட்டது என்று அர்த்தம். கழற்றினால் உள்ளே ஒரு ராடு சீல், ஒரு வைப்பர், ஒன்றிரண்டு ஓரிங், அதற்கு முட்டுக் கொடுக்கும் ஒரு பேக்கப் ரிங், பிஸ்டன் பக்கம் இன்னும் ஓரிரண்டு, அவ்வளவுதான். வண்டி விலையோடு பார்த்தால் தூசு. ஆனால் அது இல்லாமல் பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டி அசையாது. ராடின் குறுக்களவு சாதாரண மெட்ரிக் அளவாக இருந்தால் பழைய சீலையும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு பாரிமுனைப் பக்கம் போனால் கடைக்காரர் சீலை விரலில் வைத்து உருட்டிப் பார்த்து டப்பாவைத் தேடாமலே எடுத்துத் தந்துவிடுவார். கம்பெனிக்கென்றே தனியாகச் செய்த அளவாக இருந்தால் டீலர்தான் கதி, அவர் ஸ்டாக் வைத்திருந்தால் உண்டு.

எங்களிடம் ஒரு இறக்குமதி எலக்ட்ரிக் வண்டி இருந்தது, பெயர் வேண்டாம். ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஒருநாள் டிஸ்ப்ளேயில் ஒரு எரர் கோடு வந்தது, வண்டி நகர மறுத்தது. டீலருக்குச் சொன்னோம். சர்வீஸ் ஆள் மறுநாளே வந்தார், அதில் குறை சொல்ல முடியாது. லேப்டாப்பை மாட்டிப் பார்த்து, மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விட்டது என்றார். அதற்கப்புறம் தொடங்கியது கதை. கன்ட்ரோலர் இங்கே இல்லை, மும்பையில் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வாரக்கணக்கில் "ஷிப்மெண்ட்ல இருக்கு சார்" என்ற ஒரே பதில். இதற்கிடையில் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தோம், அது வரும்வரை வாசலில் லாரிகள் நின்றன, டிரைவர்கள் ஹால்டிங் சார்ஜ் கேட்டுக் கத்தினார்கள். வண்டி தரமானதா என்று கேட்டால் தரமானதுதான். வாங்கலாமா என்று கேட்டால் எனக்கு வாயில் வேறு வார்த்தை வரும்.

இதிலிருந்து பிறந்ததுதான் நான் எல்லாரிடமும் சொல்லும் வழி. கொட்டேஷன் வாங்கும்போதே, வண்டி விலை பேசும் சேல்ஸ் ஆளை விட்டுவிட்டு, அதே டீலரின் ஸ்பேர் கவுண்டருக்கு நேராகப் போன் போடுங்கள். டில்ட் சிலிண்டர் சீல் கிட், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், மாஸ்ட் ரோலர், லிஃப்ட் செயின், வாட்டர் பம்ப், எலக்ட்ரிக் என்றால் கான்டாக்டரும் ஆக்ஸிலரேட்டர் பெடலும், இவற்றுக்கு என்ன விலை, இன்றைக்குக் கையில் எது இருக்கிறது என்று கேளுங்கள். "பார்ட் நம்பர் சொல்லுங்க, மாடல் என்ன" என்று கேட்டு அங்கேயே சிஸ்டத்தில் தட்டிப் பார்த்துச் சொல்பவர் ஒருவகை. "வண்டி வாங்குங்க சார், அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பவர் இன்னொருவகை. இரண்டாவது ஆளிடம் வாங்கினால் எங்கள் கன்ட்ரோலர் கதைதான் உங்களுக்கும். சர்வீஸ் ஆள் எத்தனை பேர், அவர்கள் எங்கே இருந்து கிளம்பி வருகிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஒரகடத்தில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் மணலிக்கு வந்து சேர அரைநாள் போய்விடும். கூடவே அந்த டீலரிடம் ஏற்கெனவே வாங்கிய ஒரு குடோனுக்குப் போய் முதலாளியை விட்டுவிட்டு ஆபரேட்டரிடம் பேசிப் பாருங்கள். டீக்கடையில் நின்று பத்து நிமிடம் பேசினால் போதும், எல்லாம் வந்துவிடும்.

சரி, பிராண்டுகளுக்கு வருவோம்.

கோத்ரெஜ் அறுபதுகளிலிருந்து இங்கே ஃபோர்க்லிஃப்ட் செய்கிறார்கள். அதன் பலன் வண்டியில் இருப்பதைவிட வெளியில் அதிகம். அந்த வண்டியில் கை வைத்துப் பழகிய மெக்கானிக் தொழிற்பேட்டை உள்ள எந்த ஊரிலும் கிடைப்பார், டீலரிடம் வேலை பார்த்து வெளியே வந்து சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தவர்களே ஏகப்பட்டபேர். இந்தியாவில் செய்யும் டீசல் வண்டிகளில் பலவற்றில் சிம்ப்சன், கிர்லோஸ்கர் மாதிரி உள்ளூர் என்ஜின்தான் இருக்கும், இது பெரிய சௌகரியம். சிம்ப்சன் நம்ம ஊர் செம்பியத்துக் கம்பெனி. அதன் என்ஜின்தான் மாஸி ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடுகிறது. ஆகவே பம்ப் வேலை, ஹெட் வேலை என்று வந்தால் ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக்குக் காத்திருக்க வேண்டாம், செங்கல்பட்டில் டிராக்டர் பார்க்கும் ஆள்கூடப் பார்த்துவிடுவார், என்ஜின் சாமானும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய ஊரிலிருந்து தள்ளி இருக்கும் ரைஸ்மில், செங்கல் சூளை, கிரானைட் யார்டுக்காரர்களுக்கு உள்ளூர்த் தயாரிப்பை எடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள், கிளட்ச் வைத்த மாடலா, கிளட்ச் இல்லாமல் ஆயில் வழியாக என்ஜின் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்டர் மாடலா என்று. கிளட்ச் வண்டி விலை குறைவு, ஆனால் ஃபோர்க்லிஃப்டில் நாள் முழுக்க அரை கிளட்சில்தான் வேலை, சரக்கு அடுக்கிய பலகையான பேலட்டுக்குள் ஃபோர்க்கை நுழைக்கும் ஒவ்வொரு முறையும் பிளேட் தேயும். ஷிஃப்ட் முழுக்க லோடிங் ஓடும் இடத்தில் டார்க் கன்வெர்டருக்கு மேலே கொடுக்கும் காசு வீண்போகாது.

வோல்டாஸ் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் சரித்திரம் சொல்லவேண்டும், அது ஸ்பேர் விஷயத்தோடு சம்பந்தப்பட்டது. பழைய குடோன்களில் இன்னமும் வோல்டாஸ் வண்டிகள் ஓடுகின்றன. ஏசி விற்கும் அதே வோல்டாஸ்தான். 2011-ல் அந்த ஃபோர்க்லிஃப்ட் பிரிவில் ஜெர்மனியின் கியான் குழுமம் பெரும்பங்கு வாங்கியது, அப்புறம் முழுதாகவே எடுத்துக்கொண்டு கியான் இந்தியா ஆக்கிவிட்டது. லிண்டே, ஸ்டில், பாவ்லி எல்லாம் கியானின் பிராண்டுகள். ஆகவே வோல்டாஸ் என்று எழுதியிருக்கும் வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் தயாரித்த வருடத்தைப் பார்த்து, அந்த மாடலுக்கு இன்னும் பாகம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.

லிண்டே தனி ஜாதி. அதன் பெரும்பாலான டீசல் வண்டிகளில் கிளட்சும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை, ஹைட்ரோஸ்டேட்டிக் டிரைவ். என்ஜின் ஒரு பம்பைச் சுற்றும், ஆயில் அழுத்தம் போய் சக்கரத்தின் மோட்டாரைச் சுற்றும். வலது காலை அழுத்தினால் முன்னே, இடது காலை அழுத்தினால் பின்னே, காலை எடுத்தால் வண்டி தானாக வேகம் குறைந்து நிற்கும். அதனால் பிரேக் தேய்மானம் மிகக் குறைவு, பழகிய ஆபரேட்டர் அதில் லாரியைக் காலி செய்யும் வேகத்தைப் பார்த்தால் வேடிக்கை பார்க்கவே தோன்றும். வேறு வண்டி ஓட்டியவரை அதில் ஏற்றினால் முதல் சில நாள் ரேக்குக்கு ஆபத்து என்பது வேறு விஷயம். ஆனால் அந்த வண்டிக்கு ஆயில் சுத்தம் உயிர்நாடி. ஃபில்டரைத் தள்ளிப்போட்டு, ஏதோ ஒரு ஆயிலை ஊற்றி ஓட்டும் இடங்களில் அதை வாங்கவே கூடாது. அந்தப் பம்ப் போனால் புதுப்பேட்டையில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை.

டொயோட்டாவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உலகத்திலேயே அதிகம் விற்கும் ஃபோர்க்லிஃப்ட் அதுதான். உட்கார்ந்து பார்த்தால் ஏன் என்று தெரியும், லீவர் விரலில் நகரும், பின்னால் திரும்பிப் பார்த்து ஓட்டக் கழுத்து வலிக்காது. தொண்ணூறுகளின் கடைசியில் அவர்கள் கொண்டுவந்த எஸ்ஏஎஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு உண்மையிலேயே பயனுள்ள சமாச்சாரம். லோடை உயரத்தில் வைத்துக்கொண்டு வேகமாகத் திருப்பினால் பின் ஆக்ஸிலின் ஆட்டத்தைப் பூட்டி வண்டி கவிழாமல் பார்த்துக்கொள்ளும். அதற்கென்று சென்சார்கள், அதற்கென்று எரர் கோடுகள், அதைப் படிக்க டீலரின் கருவி, ஆக டீலர் பக்கத்தில் இருந்தால்தான் அதுவும் நல்லது. 2023 மார்ச்சில் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ், ஜப்பானில் விற்ற ஃபோர்க்லிஃப்ட் என்ஜின்களின் புகைச் சான்றிதழ் சோதனையில் முறைகேடு நடந்ததாக ஒப்புக்கொண்டு சில மாடல்களை அனுப்புவதை நிறுத்தியது. அதை வைத்து டொயோட்டா என்ஜின் சரியில்லை என்று சில சேல்ஸ் ஆட்கள் கதை விடுகிறார்கள். அது புகை அளவைப் பற்றிய விவகாரம், என்ஜின் உழைப்பைப் பற்றியது அல்ல. ஆனால் பெரிய பெயர் என்றால் எல்லாம் சுத்தம் என்று நம்புகிறவர்களும் அதைத் தெரிந்துவைத்திருக்கட்டும்.

மற்ற ஜப்பான், கொரியா வண்டிகளில் குழப்பமே பெயரில்தான். நிசான் ஃபோர்க்லிஃப்டும் டிசிஎம்மும் சேர்ந்து யூனிகேரியர்ஸ் ஆயின. அது 2017-ல் மிட்சுபிஷி நிச்சியுவோடு சேர்ந்து மிட்சுபிஷி லாஜிஸ்நெக்ஸ்ட் ஆனது. டூசான் ஃபோர்க்லிஃப்ட் இப்போது பாப்கேட் என்ற பெயரில் வருகிறது. வண்டி அதே வண்டிதான், ஆனால் பெயர் மாறும்போது டீலரும் மாறலாம், பழைய டீலரிடம் இருந்த ஸ்டாக் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாமல் போகலாம். வாங்கும்போது இந்த ஊர் டீலர்ஷிப் எத்தனை வருடமாக அதே கையில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

சைனா வண்டி என்றதும் முகம் சுளிப்பது பழைய பழக்கம். ஹெலி, ஹாங்சா இரண்டும் உலகத்தின் பெரிய தயாரிப்பாளர்கள் வரிசையில் இருப்பவை, சும்மா கொட்டகையில் வெல்டு வைத்துச் செய்வதில்லை. அவற்றில் என்ஜினை நாமே தேர்ந்தெடுக்க வழி உண்டு. ஷின்சாய் என்ற சீன என்ஜினோடு வாங்கினால் விலை குறையும், இசுசு சி240 அல்லது மிட்சுபிஷி எஸ்4எஸ் போட்டு வாங்கினால் விலை ஏறும். பின்னவை இரண்டும் பல வருடமாகப் பல பிராண்டுகளில் ஓடுபவை, பாகம் சந்தையில் கிடைக்கும். எலக்ட்ரிக்கில் கர்டிஸ் அல்லது ஜாப்பி கன்ட்ரோலர் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், அவற்றைத் தெரிந்த ஆட்கள் வெளியில் இருக்கிறார்கள். எனக்கு சைனா வண்டியில் இருக்கும் பயம் வண்டியைப் பற்றியது அல்ல, இறக்குமதி செய்பவரைப் பற்றியது. இரண்டு கண்டெய்னர் இறக்கி விற்றுவிட்டு அடுத்த வருடம் வேறு வியாபாரத்துக்குப் போய்விடும் ஆட்கள் உண்டு. விற்கும் வண்டிகளோடு கூடவே ஸ்பேருக்கென்று தனி ரேக் வைத்திருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். வைத்திருந்தால் தைரியமாக வாங்கலாம், விலைக்கு நல்ல வண்டிதான்.

எலக்ட்ரிக் எடுப்பவர்களுக்கு, பேட்டரியைத் தனி வண்டி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். லெட் ஆசிட் 48 வோல்ட் என்றால் 2 வோல்ட் செல் 24 இருக்கும், ஒரு செல் செத்தாலும் அதை மட்டும் மாற்றலாம், எக்ஸைடு மாதிரி உள்ளூர் கம்பெனிகளின் டிராக்ஷன் பேட்டரி எந்த பிராண்டு வண்டிக்கும் பொருந்தும்படி கிடைக்கிறது. அளவும் எடையும் மட்டும் நேம் ப்ளேட்டில் போட்டிருப்பதற்குச் சரியாக இருக்கவேண்டும், ஏனென்றால் பேட்டரி எடையும் சேர்ந்துதான் பின்னால் பாரம். ஆனால் தினமும் டிஸ்டில்டு வாட்டர் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அதுவும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்றவேண்டும், முன்னாலேயே ஊற்றினால் பொங்கி வழிந்து ஆசிட் தரையைத் தின்றுவிடும். சென்னை வெயிலில் தண்ணீர் சீக்கிரம் குறையும். பல குடோன்களில் இந்த ஆள் இல்லை, அதனாலேயே பேட்டரி பாதி ஆயுளில் போகிறது, பழி வண்டி பிராண்டின் மேல். லித்தியத்தில் இந்தத் தொல்லை இல்லை, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், இரண்டு ஷிஃப்ட் ஓட்டலாம். ஆனால் உள்ளே பேட்டரியைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் பிஎம்எஸ் என்ற எலக்ட்ரானிக்ஸ் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனி பூட்டு போட்டு வைத்திருப்பது, வெளி ஆள் தொட முடியாது. ஆக லித்தியம் வாங்குகிறவர் டீலரை இன்னும் இறுக்கிப் பிடித்துப் பேசவேண்டும். தண்ணீர் தேங்கும் இடம் என்றால் அதையும் யோசியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னைப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், போடும்போது காம்ப்ரிஹென்சிவ் என்ற வார்த்தையைப் பார்த்து மயங்காதீர்கள். கீழே சின்ன எழுத்தில் டயர், பேட்டரி, ஃபோர்க், செயின், ஹோஸ், எலக்ட்ரானிக் கார்டு நீங்கலாக என்று போட்டிருப்பார்கள், அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது? எட்டு மணி நேரத்தில் ஆள் வருவார் என்று எழுதியிருக்கும், ஆள் வருவார், பார்ப்பார், போட்டோ எடுப்பார், போவார். எழுதி வாங்கவேண்டியது ஆள் எப்போது வருவார் என்பதை அல்ல, இத்தனை நாளுக்குமேல் வண்டி நின்றால் மாற்று வண்டி தருவார்களா என்பதை. தரமாட்டோம் என்றால் அந்த ஏஎம்சிக்குக் கொடுக்கும் பணத்தில் அடிக்கடி போகும் சாமான்களை வாங்கி நாமே அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்: சீல் கிட், ஹோஸ், ஃபில்டர், பிரேக் சிலிண்டர், ஸ்விட்ச். அதன்பின் வண்டி நிற்பது பாதிக்குமேல் குறைந்துவிட்டது என்றே சொல்வேன்.

எங்கள் நிலைமைக்கு இன்று புதிதாக ஒன்று வாங்கச் சொன்னால், வெளியே யார்டுக்கு உள்ளூர்த் தயாரிப்பு டீசல், டார்க் கன்வெர்டரோடு. உள்ளே ரேக்குகளுக்கு நடுவில் ஓட லெட் ஆசிட் எலக்ட்ரிக், எந்த டீலர் ஸ்பேர் கவுண்டரில் ஒழுங்காகப் பதில் சொல்கிறாரோ அவர் விற்கும் பிராண்டு. டொயோட்டா டீலர் பக்கத்திலேயே இருந்து, இரண்டு ஷிஃப்டும் வேலை இருந்து, கையில் காசும் இருந்தால் டொயோட்டா. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூட வண்டிக்கு வேலை இல்லாத இடத்தில் வாடகை வண்டியே போதும், வாங்குவது வெட்டிச்செலவு.

செகண்ட் ஹேண்ட் எடுப்பவர்கள் வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரை நம்பவேண்டாம், அதை மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஃபோர்க்கின் குதிப்பகுதி, அதாவது வளைவுக்குப் பக்கத்துக் கனத்தை வெர்னியர் வைத்து, தேயாத மேல்பகுதிக் கனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து சதவீதம் தேய்ந்திருந்தால் அந்த ஃபோர்க்கை மாற்றியே ஆகவேண்டும், அதைச் சொல்லி விலையில் கழியுங்கள். செயின் புதிதாக இருந்தபோது இருந்த நீளத்தைவிட மூன்று சதவீதம் நீண்டிருந்தால் அதுவும் மாற்றவேண்டியது. வெறும் ஃபோர்க்கை உச்சிவரை தூக்கி மாஸ்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்று ஆடினால் ரோலர் வேலை காத்திருக்கிறது. நேம் ப்ளேட்டில் இருக்கும் மாடலும் சீரியல் நம்பரும் சேசிஸில் அடித்திருக்கும் நம்பரோடு ஒத்துப்போகிறதா பார்த்து, அதை டீலரிடம் கொடுத்து பாகம் வருமா என்று கேட்டபிறகு அட்வான்ஸ் கொடுங்கள். ப்ளேட்டும் இல்லாமல், சேசிஸ் நம்பரும் கிரைண்டர் போட்டுத் தேய்த்த வண்டி என்றால் நான் விலையே கேட்பதில்லை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி.